2 வருஷ கிரீன் கார்டு, நடுவுல டைவர்ஸ் கேஸ்: அவர் கையெழுத்து இல்லாம ஐ-751 போட முடியுமா? (டெக்சாஸ்)

தேனிப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். பேர் போட விருப்பமில்லை, மன்னிச்சுக்கங்க. விவரம் தெரிஞ்சவங்க பதில் சொன்னா பெரிய உதவியா இருக்கும்.

2023 பிப்ரவரியில தேனியில கல்யாணம். அவர் அமெரிக்க சிட்டிசன், டாலஸ் பக்கம் இர்விங்ல இருக்கார். மும்பை கான்சுலேட்ல இன்டர்வியூ முடிஞ்சு 2024 மார்ச்ல வந்து சேர்ந்தேன். வந்து இறங்கினப்ப கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகலைங்கிறதால கார்டுல சிஆர்1-னு போட்டு 2026 மார்ச் வரைக்கும்தான் தேதி கொடுத்திருக்காங்க. அது முடியறதுக்கு முந்தின 90 நாளுக்குள்ள ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஐ-751 அனுப்பணும், அப்பதான் 10 வருஷ கார்டு வரும்.

இப்ப அவர் கோர்ட்ல டைவர்ஸ் ஃபைல் பண்ணிட்டார். நான் கேரல்டன்ல ஒரு தோழி வீட்டுல தங்கியிருக்கேன். பி.ஃபார்ம் படிச்சிருக்கேன், இங்க ஒரு மருந்துக்கடையில டெக்னீஷியன் வேலை. மேனேஜர் இப்பவே "கார்டு எப்ப புதுப்பிக்கிறே"ன்னு கேட்க ஆரம்பிச்சுட்டாங்க.

அவர் சொல்றது: "நான் ஒரு லெட்டர் எழுதினா போதும், உன் கார்டு கேன்சல்." மாமியார் போன் பண்ணி, ஸ்பான்சர் பேப்பரை வாபஸ் வாங்கிடுவோம்ங்கறாங்க. அதுக்கப்புறம் அவரே இறங்கி வந்து ரெண்டு வழி சொல்றார். ஒண்ணு, நான் ஊருக்குப் போய் ஏழெட்டு மாசம் இருக்கணுமாம், கோபம் ஆறினதும் கூப்பிட்டுக்குவாராம். இன்னொண்ணு, ஐ-751-ல கையெழுத்துப் போட்டுத் தருவாராம், ஆனா நகை, பணம், வீட்டுல பங்குன்னு எதுவும் கேட்க மாட்டேன்னு நான் எழுதிக் கொடுக்கணும்.

அப்பா "வந்துடும்மா"ன்னு அழறார். எனக்குப் போக மனசில்லை. இங்க வேலை இருக்கு, ஃபார்மசிஸ்ட் லைசென்ஸுக்குப் படிச்சுட்டிருக்கேன். அந்தக் கையெழுத்தை வாங்கிக்கறதா? சிட்டிசன்ஷிப் இனிமே எனக்குக் கிடையாதா?

பீளமேட்டு_அக்கா:

தங்கச்சி, முதல்ல ஊருக்கு டிக்கெட் போட்டுடாதீங்க. எதுலயும் கையெழுத்தும் போட்டுடாதீங்க. மத்ததை நிதானமா பேசலாம்.

நானும் இதே சிஆர்1 கார்டுல 2016-ல ப்ளேனோவுக்கு வந்தவதான். கார்டு முடியற சமயத்துல எனக்கும் டைவர்ஸ் ஆச்சு, தனியாத்தான் ஐ-751 போட்டேன், 2022-ல சிட்டிசன் ஆனேன். நான் வக்கீல் இல்லைங்க. ஆனா இந்த வழியில முழுசா நடந்து வந்தவ.

அவர் கையெழுத்து இல்லாம போட முடியும். அதே ஃபார்ம்லயே அதுக்குன்னு தனிக் கட்டம் இருக்கு. "நல்லெண்ணத்தோட கல்யாணம் பண்ணினேன், அது டைவர்ஸ்ல முடிஞ்சுது"ன்னு சொல்லி, கூட்டுக் கையெழுத்துல இருந்து விலக்கு கேட்கறது. வேய்வர்னு சொல்வாங்க. இது போக, கணவர் அடிச்சாரு, கொடுமைப்படுத்தினாருன்னா ஒரு கட்டம், திருப்பி அனுப்பினா தாங்க முடியாத கஷ்டம் வரும்னா ஒரு கட்டம். அந்த ரெண்டுக்கும் டைவர்ஸ் முடிஞ்சிருக்கணும்னுகூட இல்லை. வேய்வருக்கு 90 நாள் கணக்கும் கிடையாது, முன்னாடியும் போடலாம், பின்னாடியும் போடலாம்.

இந்த ரெண்டு வருஷ கார்டே 1986-ல வந்த சட்டம். கார்டுக்காகவே பொய்க் கல்யாணம் பண்றவங்களைப் பிடிக்கிறதுக்காகக் கொண்டு வந்தது. அதனால அதிகாரி பார்க்கறது, கல்யாணம் ஏன் முறிஞ்சுதுங்கறதை இல்லைங்க. அது உண்மையா ஆரம்பிச்சுதா, புருஷன் பொண்டாட்டியா வாழ்ந்தீங்களாங்கறதைத்தான். இர்விங் இமிக்ரேஷன் ஆபீஸ்ல என்கிட்ட யார் மேல தப்புன்னு ஒரு வார்த்தை கேட்கலை. எப்படிப் பேசி முடிச்சாங்க, நிச்சயத்துக்கு யார் யார் வந்தாங்க, இங்க வந்ததும் எந்த அபார்ட்மென்ட், வாடகை யார் அக்கவுன்ட்ல இருந்து போச்சு, இதுதான் கேள்வி. உங்களுக்கு நடந்ததை நீங்க சொல்லப் போறீங்க, அதுல பயப்பட என்ன இருக்கு?

அவர் லெட்டர் எழுதினா கேன்சல்ங்கறது சும்மா மிரட்டல். சேர்ந்து போட்ட ஐ-751-ல இருந்து அவர் விலகிக்கலாம், உங்களைப் பத்தித் தப்பா எழுதியும் போடலாம். அப்படி எழுதினா இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுக் கேட்பாங்க. ஆனா கார்டைப் பறிக்கிற அதிகாரம் அவர்கிட்ட இல்லை. அப்ளிகேஷனையே நிராகரிச்சாக்கூட விஷயம் இமிக்ரேஷன் ஜட்ஜ்கிட்டப் போகும், அங்க அவர் முதல்ல இருந்து ஆதாரத்தைப் பார்ப்பார்.

அதனாலதான் சொல்றேன், அந்தக் கையெழுத்துக்கு நீங்க எந்த விலையும் கொடுக்க வேண்டாம். இன்னிக்குப் போட்டுக் கொடுத்துட்டு நாளைக்கு வாபஸ் வாங்கினார்னா என்ன பண்ணுவீங்க? இல்லை, சேர்ந்து போட்ட பிறகு தீர்ப்பு வந்துட்டாலும் அதை எப்படியும் வேய்வரா மாத்தச் சொல்லித்தான் கேட்கணும். டெக்சாஸ்ல கல்யாணத்துக்குப் பின்னாடி சம்பாதிச்சது பொதுவா ரெண்டு பேருக்கும் சொந்தம்ங்கறது சட்டம். நகை நம்ம வீட்டுல போட்டது. இத்தனையையும் விட்டுக் கொடுத்து, உங்களுக்குத் தேவையே இல்லாத ஒண்ணை வாங்கறதா?

ஊருக்குப் போறதைப் பத்தி. இதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுது. "கொஞ்ச நாள் போய் இரு"ன்னு அனுப்பி வச்சுட்டு இங்க தீர்ப்பு வாங்கின குடும்பங்களை நான் பார்த்திருக்கேன். பொண்ணு அங்க உட்கார்ந்து போனுக்குக் காத்துட்டிருக்கும், கார்டு தேதி முடிஞ்சிருக்கும், ஆர்.எஃப்.இ. (இன்னும் ஆதாரம் கேட்டு இமிக்ரேஷன் அனுப்பற கடிதம்) இங்க பழைய வீட்டுக்கு வந்து குப்பைக்குப் போயிருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல வெளியில இருந்தா திரும்பி வர அந்தக் கார்டே செல்லாது. ஆறு மாசம் தாண்டினாலே சிட்டிசன்ஷிப்புக்கான தொடர் வசிப்பு உடைஞ்சுதான்னு கேள்வி வரும். அப்பாகிட்ட சொல்லுங்க, முடிஞ்சா அவரும் அம்மாவும் விசிட்டர் விசாவுல வந்து உங்க கூட இருக்கட்டும்.

இப்பவே செய்ய வேண்டியது, அட்ரஸ் மாத்தறது. வீடு மாறின பத்து நாளுக்குள்ள ஏஆர்-11 ஆன்லைன்ல போடணும், அது சட்டம். அதை விட, உங்க தபால் அவர் கைக்குப் போகக் கூடாது.

அடுத்தது ஆதாரம். சேர்ந்து ஃபைல் பண்ணின டாக்ஸுக்கு ஐ.ஆர்.எஸ். (வரித்துறை) தளத்துல உங்க பேர்லயே லாகின் போட்டு டிரான்ஸ்கிரிப்ட் எடுக்கலாம், அவரைக் கேட்க வேண்டியதில்லை. ஜாயின்ட் அக்கவுன்ட்ல உங்க பேர் இருக்கிற வரைக்கும் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் இறக்கி வச்சுக்கங்க. அபார்ட்மென்ட் லீஸ் நகல் ஆபீஸ்ல கேட்டா தருவாங்க. மெடிக்கல் இன்ஷூரன்ஸ்ல அவர் கூட உங்க பேர் இருந்த கடிதம், கார் இன்ஷூரன்ஸ், சேர்ந்து போன டிக்கெட். தேனியில இருந்து கல்யாணப் பத்திரிகை, மண்டப ரசீது, நிச்சயதார்த்த போட்டோவை அப்பாவை ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லுங்க. பாவம், அவருக்கும் கையில ஒரு வேலை இருந்தா அழுகை குறையும். தமிழ்ல இருக்கிறதுக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும். உங்களை ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்த்த நண்பர்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் ரெண்டு மூணு வாங்குங்க. வாட்ஸ்அப் பேச்சை போன்ல மட்டும் வச்சிருக்காதீங்க.

சிட்டிசன்ஷிப் கிடையாதுன்னு யார் சொன்னா? சிட்டிசனைக் கட்டிக்கிட்டு அவர் கூடவே வாழ்ந்தா மூணு வருஷத்துல கேட்கலாம்ங்கற சலுகைதான் போச்சு. அதுக்கு மூணு வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்கணும், உறுதிமொழி எடுக்கற நாள் வரைக்கும் கல்யாணம் நீடிக்கணும். உங்களுக்கு இனிமே எல்லாரையும் போல அஞ்சு வருஷம். அந்தக் கணக்கு 2024 மார்ச்ல, இந்தச் சின்ன கார்டுலயே ஆரம்பிச்சாச்சு. 2029 மார்ச்சுக்கு 90 நாள் முன்னாடி, அதாவது 2028 டிசம்பர்ல, சிட்டிசன்ஷிப் ஃபார்ம் என்-400 போடலாம். அதுல ரெண்டரை வருஷமாவது உடம்போட இந்த நாட்டுல இருந்திருக்கணும். டைவர்ஸ் தீர்ப்பு நகலை அன்னிக்கும் கேட்பாங்க, பத்திரமா வைங்க.

எடிசன்வாசி:

அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க. மாமியார் மிரட்டற ஸ்பான்சர் பேப்பர் பத்தி மட்டும் நான் சொல்றேன்.

அது ஐ-864. நீங்க பச்சை அட்டையோட உள்ளே வந்த பிறகு அதை வாபஸ் வாங்க வழியே கிடையாது. டைவர்ஸ் ஆனாலும் அது முடியாது. நீங்க சிட்டிசன் ஆகணும், இல்லை 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரணும், இல்லை நாட்டை விட்டே நிரந்தரமாப் போகணும், இல்லை ரெண்டு பேர்ல ஒருத்தர் இறக்கணும், அப்பதான் முடியும். அதுவரைக்கும் உங்க வருமானம் அரசு சொல்ற வறுமைக்கோட்டுல 125 சதவீதத்துக்குக் கீழ போனா, மீதியைக் கொடுக்கற கடமை கையெழுத்துப் போட்டவருக்கு. மாமனார் கோ-ஸ்பான்சரா இருந்தா அவருக்கும் சேர்த்து. இதுக்காக அவங்க மேல நீங்க கோர்ட்டுக்கே போகலாம். டைவர்ஸ் வக்கீல்கிட்ட அந்த ஃபார்ம் நகலைக் காட்டுங்க, நிறையக் குடும்ப வக்கீல்களுக்கு இது ஞாபகத்துக்கு வராது.

தேனிப்பொண்ணு:

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. ஏஆர்-11 இப்பத்தான் போட்டேன். அப்பா மண்டப ரசீதைத் தேடிட்டிருக்கார்.

மார்ச்சுக்குள்ள தீர்ப்பு வரலைன்னா? ஊர்ல சித்தப்பா, தேனி கோர்ட்டுலயே நாமளும் ஒரு கேஸ் போட்டுடலாம்ங்கறார்.

பீளமேட்டு_அக்கா:

டெக்சாஸ்ல ஃபைல் பண்ணி 60 நாள் கழிச்சுத்தான் ஜட்ஜ் தீர்ப்பு கொடுக்க முடியும். சண்டை இல்லைன்னா அதுக்கப்புறம் சீக்கிரம் முடியும், இழுத்தா நாளாகும். தீர்ப்பு தள்ளிப் போச்சுன்னா, கார்டு தேதி முடியறதுக்குள்ளயே வேய்வர் கேட்டு அனுப்பி, கோர்ட் கேஸ் நடக்கறதுக்கான நகலை வைக்கறது வழக்கம். அப்புறம் ஆர்.எஃப்.இ. வந்து தீர்ப்பு கேட்கும், அதுல போட்டிருக்கற கெடுவுக்குள்ள கொடுத்தே ஆகணும். தவறினா நிராகரிச்சுடுவாங்க. உங்க தேதிகளை வச்சு எது சரின்னு இமிக்ரேஷன் வக்கீலோட ஒரு தடவை உட்கார்ந்து பேசிடுங்க, இந்த ஒரு செலவைப் பார்க்காதீங்க. ஃபீஸ் 2024 ஏப்ரல்ல இருந்து 750 டாலர், அனுப்பற அன்னிக்கு இமிக்ரேஷன் துறை தளத்துல ஒரு தடவை சரிபாருங்க.

அனுப்பினதும் ரசீதுக் கடிதம் வரும். என் காலத்துல அது கார்டை 18 மாசம் நீட்டிச்சுது, 2023-ல இருந்து 48 மாசம். பழைய கார்டையும் அந்தக் கடிதத்தையும் சேர்த்து மேனேஜர்கிட்டக் காட்டுங்க, வேலைக்குச் செல்லும்.

சித்தப்பா சொல்றதைச் செய்ய வேண்டாம். ரெண்டு நாட்டுல ரெண்டு கேஸ்னா இன்னும் இழுக்கும். ஆனா அவர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. நீங்க ஆஜராகாம, சம்மதமும் சொல்லாம, இங்க "ஒத்துப்போகலை"ன்னு மட்டும் சொல்லி வாங்கின தீர்ப்பை இந்தியாவுல ஏத்துக்க மாட்டாங்க, 1991-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. நாளைக்கு ஊர்ல இன்னொரு கல்யாணம்னா அது பிரச்சினை ஆகும். அதனால இங்க வர்ற கேஸை ஒதுக்கித் தள்ளாம, வக்கீல் வச்சு ஆஜராகுங்க.

கேட்க மறந்துட்டேன். மிரட்டல் மட்டும்தானா, கை நீட்டினாரா? பாஸ்போர்ட், சம்பளம் எல்லாம் உங்க கையிலதான் இருக்கா? இங்க எழுத வேண்டாம். அப்படி ஏதாவது இருந்தா டாலஸ்ல சேத்னா, ஹூஸ்டன்ல தயா, ரெண்டும் நம்ம பக்கத்துப் பெண்களுக்காகவே இருக்கற அமைப்பு. தேசிய உதவி எண் 1-800-799-7233, ராத்திரியிலயும் எடுப்பாங்க. அந்தக் காரணத்துல வேய்வர் கிடைச்சா சிட்டிசன்ஷிப்புக்கு மூணு வருஷக் கணக்கே திரும்பக் கிடைக்கும்.

அட்லாண்டா_மீனா:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும் அக்கா. அவர் எச்-1பி வேலை விசாவுல இருக்கார், நான் அவர் மனைவியா எச்-4 விசாவுல. கிரீன் கார்டு வரிசையில இருக்கோம். இந்த வேய்வர் எனக்கும் பொருந்துமா?

பீளமேட்டு_அக்கா:

பொருந்தாதும்மா. அது ஏற்கெனவே ரெண்டு வருஷ கார்டு கையில இருக்கறவங்களுக்கு. எச்-4 அவரோட விசாவைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறது, தீர்ப்பு வந்த அன்னிக்கே அது முடிஞ்சுடும். கிரீன் கார்டுக்கான ஐ-485 ஃபார்ம் போட்டிருந்தாலும் அது அப்ரூவ் ஆகறதுக்கு முன்னாடி டைவர்ஸ் ஆனா, மனைவிங்கற முறையில உங்களுக்குக் கிடைக்க வேண்டிய கார்டு கிடைக்காது. குழந்தைங்க அவர் பிள்ளைங்களா அந்த வரிசையிலயே இருப்பாங்க. அதனால தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே எஃப்-1 படிப்போ, சொந்த எச்-1பியோ, வேற ஒரு ஸ்டேட்டஸுக்கு மாத்தப் போட்டிருக்கணும். கொடுமை நடந்திருந்தா எச்-4 மனைவிகளுக்குன்னு தனியா வேலை அனுமதி ஒண்ணு இருக்கு, ஐ-765வி. அவர் ஃபைல் பண்ணிட்டாரா, இல்லை பேச்சுதானா? ஐ-485 போட்டாச்சா? தனித் திரி ஆரம்பிச்சு இந்த ரெண்டையும் எழுதுங்க, நான் அங்க வர்றேன்.