மயக்க மருந்து மருத்துவரிடமிருந்து தனியாக வந்த பில்: நிறுவனக் காப்பீடு இருந்தும் கட்ட வேண்டுமா?

நொய்யல்:
வணக்கம். நாங்கள் டெக்சஸில், என் நிறுவனம் பெற்றுத் தந்த எச்-1பி வேலை விசாவில் வசிக்கிறோம். மார்ச் மாதம் என் மனைவிக்குப் பித்தப்பையை நீக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனையும் அறுவை மருத்துவரும் எங்கள் காப்பீட்டின் நெட்வொர்க்கில், அதாவது அதனுடன் கட்டண ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் பட்டியலில், இருக்கிறார்களா என்று முன்கூட்டியே இரண்டு முறை தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஆனால் கடந்த வாரம், நாங்கள் பெயரே கேள்விப்படாத ஒரு மயக்க மருந்து மருத்துவக் குழுவிடமிருந்து 2,840 டாலருக்குப் பில் வந்திருக்கிறது. தாங்கள் நெட்வொர்க்கில் இல்லாததால் மீதித் தொகை எங்கள் பொறுப்பு என்கிறார்கள். மாநிலக் காப்பீட்டுத் துறைக்குப் புகார் அனுப்பியபோது, இத்திட்டம் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று பதில் வந்தது. அன்று காலையில் நீட்டிய தாள்களிலெல்லாம் மனைவி கையெழுத்திட்டிருக்கிறார்; அதை நினைத்தால்தான் அச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

கொள்ளிடம்:
இப்போதைக்கு ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம். மாநிலத் துறையின் பதிலிலிருந்து, உங்களுடையது பெரும்பாலும் செல்ஃப்-ஃபண்டட் திட்டம், அதாவது சிகிச்சைச் செலவை உங்கள் நிறுவனமே தன் பணத்திலிருந்து கொடுக்கும் திட்டம் என்று தெரிகிறது. அட்டையில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், அது கிளெய்ம்களைக் கையாளும் நிர்வாகி மட்டுமே. இவை 1974ஆம் ஆண்டின் எரிசா என்னும் மத்தியச் சட்டத்தின் கீழ் வருவதால், மாநிலக் காப்பீட்டுச் சட்டங்கள் இவற்றைக் கட்டுப்படுத்துவதில்லை. இத்தகைய பில்களைத் தடுக்க டெக்சஸில் 2020 முதல் தனிச் சட்டம் இருந்தும் உங்களுக்கு அது பயன்படாததற்குக் காரணம் இதுவே.

ஆனால் 2022 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள நோ சர்ப்ரைசஸ் சட்டம் மத்தியச் சட்டம். உங்கள் திட்டத்துக்கும் அது பொருந்தும். நெட்வொர்க்கில் உள்ள மருத்துவமனையில் வெளி மருத்துவர் ஒருவர் சிகிச்சை அளித்தால், நெட்வொர்க் விகிதப்படி வரும் பங்கை மட்டுமே நோயாளியிடம் கேட்கலாம். மீதியை அவரும் திட்டமும் தங்களுக்குள் பேசியோ, நடுவரிடம் சென்றோ தீர்த்துக்கொள்ள வேண்டும்.

பாலாறு:
கையெழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக நோயாளி ஒப்புதல் தருவதற்கென்று தனிப் படிவம் உண்டு. முன்பே நாள் குறித்த சிகிச்சையாக இருந்தால், அதைக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன் கொடுத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, மயக்க மருந்து, கதிரியக்கம், நோய்க்குறியியல் போன்ற துணைச் சேவைகளுக்கு இந்த ஒப்புதலை வாங்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. நோயாளி தேர்ந்தெடுக்க முடியாத மருத்துவர்கள் இவர்கள் என்பதுதான் அதன் நியாயம். ஆகவே உங்கள் மனைவி எதில் கையெழுத்திட்டிருந்தாலும் அது இந்தப் பில்லுக்குச் செல்லாது.

காப்பீட்டு நிர்வாகி அனுப்பிய ஈ.ஓ.பி. தாளில் (கிளெய்மில் திட்டம் எவ்வளவு கொடுக்கும், நோயாளி எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று காட்டும் கணக்கு) நோயாளியின் பங்கு எவ்வளவு என்று போட்டிருக்கிறது?

நொய்யல்:
அதிலும் 2,840 என்றே இருக்கிறது. நெட்வொர்க்குக்கு வெளியே என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மேல்முறையீடு செய்தால் நிறுவனத்துக்கு எதிராக நிற்பதாக எச்.ஆர். நினைத்துவிடுவார்களோ என்று மனைவி தயங்குகிறார். விசா அவர்கள் கையில் இருக்கிறது அல்லவா?

கொள்ளிடம்:
அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. நம்மில் பலர் இதற்காகவே வாய் திறக்காமல் கட்டிவிடுகிறார்கள். ஆனால் திட்டத்தில் தமக்குள்ள உரிமையைக் கேட்டதற்காக ஒரு பணியாளரை நீக்குவதையோ தண்டிப்பதையோ எரிசாவின் 510ஆம் பிரிவு தடை செய்கிறது.

தவறு திட்டத்தின் கணக்கிலேயே இருப்பதால், மேல்முறையீட்டை எழுத்தில் அனுப்புங்கள். நிராகரிப்பு கைக்குக் கிடைத்ததிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. மருத்துவமனை நெட்வொர்க்கில் உள்ளது, சேவை மயக்க மருந்து, எனவே நோ சர்ப்ரைசஸ் சட்டப்படி மறுகணக்கிட வேண்டும் என்ற மூன்றையும் எழுதி, கிளெய்ம் தொடர்பான ஆவணங்களின் நகலையும் கேளுங்கள். அதை இலவசமாகத் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். அங்கும் மறுத்தால், அந்த இறுதி முடிவு கிடைத்த நான்கு மாதத்துக்குள் வெளியார் மறு ஆய்வு கோரலாம். திட்டத்தின் மீது புகார் சொல்ல மத்தியத் தொழிலாளர் துறையில் ஈ.பி.எஸ்.ஏ. என்ற பிரிவு இருக்கிறது. மருத்துவக் குழுவின் மீதான புகாரை நோ சர்ப்ரைசஸ் உதவி மையத்துக்கு அனுப்ப வேண்டும். பில் அனுப்பியவர்களுக்கும், தொகை விவாதத்தில் உள்ளதால் வசூல் நிறுவனத்துக்கு மாற்றக் கூடாது என்று இன்றே ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.

தாமிரபரணி:
இடையில் ஒரு கேள்வி: என் தந்தையை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸ் பில்லுக்கும் இது பொருந்துமா?

பாலாறு:
வருத்தத்துடன் சொல்கிறேன், பொருந்தாது. வான்வழி ஆம்புலன்ஸைச் சேர்த்த இச்சட்டம் சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை விட்டுவிட்டது. தந்தையாரின் காப்பீடு எந்த வகை என்று தனி இழையில் எழுதுங்கள், பார்க்கலாம்.

நொய்யல்:
ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். திருத்திய ஈ.ஓ.பி. நேற்று வந்தது. எங்கள் பங்கு 164 டாலர். அதுவும், நெட்வொர்க் சிகிச்சைக்கு ஓராண்டில் நாங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய உச்சவரம்பின் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது. மருத்துவக் குழுவினர் இன்னும் பழைய தொகையைத்தான் கேட்கிறார்கள். புதிய தாளின் நகலையும் 164 டாலருக்கான காசோலையையும் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதுமா?

கொள்ளிடம்:
போதும். பழைய பில்லின் எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட்டு, கணக்கில் மீதி பூஜ்யம் என்று எழுத்தில் தரும்படியும் கேளுங்கள்.