பிடி அரிசிக் காணிக்கை: கலப்புக்கும் வண்டுக்கும் வழி சொல்லுங்கள்
அனைவருக்கும் ஸ்தோத்திரம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி ஆண்டவருக்கென்று ஒதுக்கும் வழக்கம் (மிசோரம் சபைகளில் 1910 முதலே உண்டு) எங்கள் சபையிலும் இருக்கிறது. மாதக் கடைசியில் சேர்வது விதவைகளுக்குப் போகிறது.

சிக்கல் கலப்பில்தான். பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி எல்லாம் ஒரே சாக்கில் விழுகின்றன. பொங்கினால் பச்சரிசி குழைந்துவிடும், புழுங்கல் அரைவேக்காட்டில் நிற்கும். ஈரக்கையால் அள்ளிப் போடுவதால் கட்டி பிடித்து வண்டும் வைக்கிறது. கடும் வெயிலில் காயவைத்தால் வண்டு ஓடும். அரிசி வெடித்து நொய்யாகும். நிழலில் உலர்த்திப் புடைத்து, காய்ந்த வேப்பிலை போடுவது ஓரளவுக்குத்தான் உதவுகிறது.

ஏலம் விட்டுப் பணமாகக் கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். அரிசியாகவே போவதுதான் சரி என்பது என் எண்ணம்.

வீட்டுக்கு இரண்டு டப்பா கொடுத்துப் பிரித்து வாங்கும் சபைகள் உண்டா? வாரந்தோறும் வாங்கினால் வண்டு குறைகிறதா? ஏற்கெனவே கலந்ததை இட்லி மாவுக்குக் கொடுக்கலாமா?