நீச்சல்குள வலைக்கூண்டில் பாசி. சங்கம் கொடுத்த கெடு 14 நாள். என்ன செய்வது?

டாம்பா புதுவரவு, காலை 11.40

அனைவருக்கும் வணக்கம். ஃபுளோரிடாவுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் நீச்சல்குளம், அதைச் சுற்றியும் மேலேயும் அலுமினியச் சட்டத்தில் வலை அடித்த பெரிய கூண்டு. வந்த அன்று சாம்பல் நிறத்தில் இருந்த வலை, இந்த மழைக்கு வடக்குப் பக்கம் முழுக்கப் பச்சையாகிவிட்டது. கட்டைவிரலால் தேய்த்தால் எங்கள் ஊர்க் கிணற்றுப் படி போல வழவழவென்று விரலோடு வருகிறது. சட்டத்தின் மூலைகளில் கறுத்தே போய்விட்டது.

நேற்று குடியிருப்போர் சங்கத்தின் கடிதம் வந்தது. 14 நாளுக்குள் சுத்தம் செய்யாவிட்டால் அபராதமாம். கணவர் வேலையாக வெளியூர் போயிருக்கிறார், திரும்பப் பத்து நாளாகும். காலையில் நானே இறங்கிவிட்டேன். வாளியில் ப்ளீச் ஊற்றி, அது போதாதென்று தோன்றவே வீட்டில் இருந்த இன்னொன்றையும் கலந்து, நீளக் கைப்பிடி பிரஷால் தேய்த்தேன். கொஞ்சம் போனது. ஆனால் கதவுப் பக்கம் அழுத்தித் தேய்த்ததில், வலையை இறுக்கிப் பிடித்திருந்த கறுப்பு ரப்பர் கயிறு ஒரு முழத்துக்கு வெளியே வந்துவிட்டது.

மேற்கூரையை எப்படித் தேய்ப்பது? ஏணி வாங்குவதா, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுப்பதா? அபராதம் எவ்வளவு வரும்? குழந்தை தூங்கும்போதுதான் எதுவும் செய்ய முடிகிறது. காலையிலிருந்து கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, இருமல் வேறு. இந்த ஊர்க் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. மழை இருட்டிக்கொண்டு வந்ததால் வாளியைக் கராஜில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஜாக்சன்வில் மதுரைக்காரன், 11.48

சகோதரி, முதலில் அந்தக் கடிதத்தைக் கவனியுங்கள். இந்த நாட்டில் குடியிருப்போர் சங்கம் என்பது தனி அரசாங்கம். அபராதம் நாளுக்கு நாள் ஏறும், கடைசியில் வீட்டையே எழுதி வாங்கிவிடுவார்கள். நாங்கள் வந்த புதிதில் குப்பைத் தொட்டியை ஒருநாள் முன்னதாக வாசலில் வைத்ததற்குக் கடிதம் வந்தது. என் மனைவி அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. வழக்கறிஞரைப் பாருங்கள்.

டாம்பா பழையவர், 11.55

வழக்கறிஞர் எல்லாம் எதற்கு? 3,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடிக்கும் பிரஷர் வாஷர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள், ஒரு மணி நேர வேலை. நான் ஆறு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். பாசி மிச்சமில்லாமல் போய்விடும்.

ஸ்கார்பரோ பெரியவர், 12.02

பிள்ளை, நான் 1989 ஜனவரியில் கனடாவுக்கு வந்தவன். வந்த கிழமையே பனியில் ஒன்றரை மைல் நடந்து போய் அரிசி வாங்கினேன். கையுறை இல்லை. பையின் பிடி விரலில் பதிந்த இடம் இரண்டு நாள் மரத்துப் போயிருந்தது. நீச்சல்குளமுள்ள வீட்டைக் கடவுள் தந்திருக்கிறார், மனதைத் தளர விடாதீர்கள். எல்லாம் பழகும். பாசியைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் முதல் ஆறு மாதத்தைப் பற்றி நன்றாகத் தெரியும்.

ஹூஸ்டன் இல்லத்தரசி, 12.06

கண் எரிச்சலும் இருமலும் எனக்கும் முதல் வருடம் இருந்தன. இந்த ஈரக் காற்றில் பூஞ்சைதான் காரணம். ஒவ்வாமை மாத்திரை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், இரவில் ஆவி பிடியுங்கள், சரியாகிவிடும்.

ஃபோர்ட் மயர்ஸ் செவிலி, 12.09

எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தங்கையே, ப்ளீச்சோடு எதைக் கலந்தாய்? அந்த வாளி இப்போது மூடிய கராஜிலா இருக்கிறது?

இது ஒவ்வாமை இல்லை என்றே நினைக்கிறேன். ப்ளீச்சோடு வினிகரோ கழிப்பறை கழுவும் அமிலமோ குளத்துக்கு ஊற்றும் அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அமோனியா உள்ள கண்ணாடித் துடைப்பான் சேர்ந்தால் குளோரமைன் வரும். இரண்டும் நுரையீரலைத் தாக்கும். கராஜுக்குள் போகாதே. வாளியைக் கொட்டப் போகாதே, தண்ணீரோ சமையல் சோடாவோ எதையும் அதில் போடாதே. கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவைச் சாத்திவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே போ. கராஜின் பெரிய கதவை வெளியே நின்று ரிமோட்டால் திறக்க முடிந்தால் திற. குளோரின் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் குழந்தையைக் கீழே விடாதே.

வெளியே வந்ததும் 1-800-222-1222 என்ற நச்சு உதவி எண்ணைக் கூப்பிடு. நாடு முழுவதற்கும் ஒரே எண், 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள், கட்டணம் கிடையாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுகினாலோ குழந்தை இருமினாலோ நேராக அவசர எண் 911. மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

ஹூஸ்டன் இல்லத்தரசி, 12.14

அக்கா சொன்னதைக் கேளுங்கள் அம்மா. நான் அந்த வரியைச் சரியாகப் படிக்கவில்லை. மாத்திரை எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள்.

ஜாக்சன்வில் மதுரைக்காரன், 12.31

பதில் வரவில்லையே. அந்தப் பக்கத்தில் யாராவது இருக்கிறீர்களா?

டாம்பா புதுவரவு, 12.58

வெளியே பக்கத்து வீட்டு அம்மாவின் வராந்தாவில் இருக்கிறேன். கலந்தது வினிகர், அரை பாட்டில். இயற்கையானது, பாசிக்கு நல்லது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். நச்சு உதவி எண்ணில் ஒரு பெண் மிகப் பொறுமையாகப் பேசினார். வாளியின் அளவு, எவ்வளவு நேரம் பக்கத்தில் நின்றேன், குழந்தை எங்கே இருந்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குழந்தைக்கு ஒன்றுமில்லை, தூக்கத்திலிருந்து எழுப்பியதற்கு அழுதான், அவ்வளவுதான். எனக்கும் காற்றில் உட்கார்ந்த பிறகு இருமல் குறைந்திருக்கிறது. மீண்டும் கூடினால் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். வாளியை என்ன செய்வதென்றும் அவரே சொல்லிவிட்டார். கை இன்னும் நடுங்குகிறது. அக்கா, நீங்கள் கேட்டிருக்காவிட்டால் சட்டையை மாற்றிக்கொண்டு கராஜுக்குத்தான் திரும்பிப் போயிருப்பேன்.

ஃபோர்ட் மயர்ஸ் செவிலி, 1.05

நன்றாயிருக்கிறாய், அது போதும். இன்று வேறு எந்த வேலையும் வேண்டாம். நிறையத் தண்ணீர் குடி, கண்ணைக் குழாய்த் தண்ணீரில் அலம்பு. ராத்திரி மூச்சு கனமாகத் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே.

கேரி கோவைக்காரர், 1.20

இதெல்லாம் நம் மக்களுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? ஊரில் குளியலறையை ஆசிட் ஊற்றிக் கழுவி வளர்ந்தவர்கள் நாம். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு பாட்டில், ஒவ்வொன்றிலும் எறும்பு எழுத்தில் எச்சரிக்கை. வீட்டைக் காட்டும்போது அந்தக் குளத்தை எப்படிப் பராமரிப்பது என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. சங்கத்துக்குக் கடிதம் எழுத மட்டும் ஆள் இருக்கிறார்கள்.

ஜாக்சன்வில் மதுரைக்காரன், 1.26

உண்மை. புல் நாலு விரல் வளர்ந்தால் கடிதம், வேலி நிறம் மங்கினால் கடிதம். மாதா மாதம் கட்டும் பணம் எங்கே போகிறதென்று கேட்டால் பதில் இல்லை. எங்கள் தெருவில் மூன்று மாதமாக விளக்கு எரியவில்லை.

ஸ்கார்பரோ பெரியவர், 1.34

இங்கே பனி அள்ளாவிட்டால் மாநகராட்சி எழுதும். எங்கே போனாலும் ஒன்று இருக்கிறது, தம்பி.

ஆர்லாண்டோ வீட்டுக்காரர், 2.10

நான் 14 வருடமாக இப்படிக் கூண்டு வைத்த வீட்டில்தான் இருக்கிறேன், இரண்டு முறை வலை மாற்றியிருக்கிறேன். அந்தத் தங்கை கேட்டதற்கு வருகிறேன்.

பிரஷர் வாஷர் வேண்டாம். டாம்பா நண்பர் கோபிக்கக் கூடாது. ஆறு வருடம் தப்பித்திருக்கிறார். அந்த வலை கண்ணாடி இழைநூலில் நெய்தது. வெயிலில் பத்து வருடம் காய்ந்த வலை, அந்த வேகத்தில் நீர் பட்டால் கிழியும், அல்லது பள்ளத்தில் அமுக்கியிருக்கும் ரப்பர் கயிற்றோடு பிய்ந்து வரும். சட்டத்தின் பூச்சும் உரியும், உரிந்த இடத்தில்தான் அடுத்த வருடம் பாசி முதலில் பிடிக்கும்.

கூரை மேல் யாரும் ஏறக் கூடாது. வலை ஆள் பாரம் தாங்காது. ஈரத் தளத்தில், குளத்தின் விளிம்பில் ஏணி போடுவதும் கூடாது. அந்தத் தளத்திலும் பாசி இருக்கிறது, கால் வழுக்கும். கீழிருந்தபடி மேல்வலைக்கு ப்ளீச் தெளித்தாலோ அது முகத்தில்தான் சொட்டும். கூரைப் பகுதியை மட்டும் தொழில்முறை ஆளிடம் விடுங்கள். குறைந்த அழுத்தத்தில் கழுவுகிறாரா, விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டு, சான்றிதழைப் பார்த்த பிறகு சம்மதியுங்கள்.

பக்கச் சுவர் வலைகளை நீங்களே செய்யலாம். வாசனை எதுவும் சேர்க்காத சாதாரண ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. வேறு எதுவும் சேர்க்கக் கூடாது. குளத்து மாத்திரை, குளத்துத் தூள் எதுவும் அந்த வாளியின் பக்கமே வரக் கூடாது. கடையில் குளத்துக்கென்று விற்கும் திரவக் குளோரின் 10 முதல் 12.5 சதவீதம் வரை இருக்கும், வீட்டு ப்ளீச்சைவிடக் கடுமை; அதை நேராக அடிப்பவர்களைப் பார்த்து நீங்களும் அடிக்காதீர்கள். முதலில் வெளியே உள்ள செடிகளை நன்றாக நனைத்துவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, பழைய செருப்பு. காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்பால், உங்கள் தோள் உயரத்துக்கு மேல் போகாமல் தெளியுங்கள். பத்து நிமிடம் விடுங்கள், காய விடாதீர்கள். ப்ளீச் அலுமினியத்தையும் திருகுகளையும் அரிக்கும். பிறகு மெத்தென்ற பிரஷால், வலையை உள்ளே தள்ளாமல், வாழையிலையைத் துடைப்பதுபோலத் தடவிவிட்டு, தோட்டக் குழாயால் கழுவுங்கள். செடிகளுக்கு மீண்டும் தண்ணீர். தோள் உயரத்துக்கு மேலே உள்ள பாசிக்கு வெறும் தண்ணீரும் நீளக் கைப்பிடி பிரஷும் போதும். போகாததைத் தொழில்முறை ஆள் பார்த்துக்கொள்வார்.

காலையிலேயே முடித்துவிடுங்கள். இந்தப் பருவத்தில் மதியத்துக்கு மேல் இடி வரும். இடிச் சத்தம் கேட்டால் உள்ளே போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். மின்கம்பி மேலே போகிற பக்கத்தில் அலுமினியக் கழியை உயர்த்தவே கூடாது, பத்தடி விலகி நில்லுங்கள்.

குளத்துக்குள் கொஞ்சம் ப்ளீச் தண்ணீர் விழுந்தால் பயமில்லை, குளத்தில் இருப்பதும் குளோரின்தான். உதிர்ந்த பாசிதான் வடிகட்டியை அடைக்கும். பம்பை ஓட விட்டு, வடிகட்டியைக் கழுவி, சோதனைத் தாளில் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8 வரை வந்த பிறகு இறங்குங்கள்.

இன்னொன்று: தோட்டத்துத் தெளிப்பான் வலையில் அடிக்கிறதா என்று விடியற்காலையில் ஒருநாள் பாருங்கள். எங்கள் வீட்டில் அதைத் திருப்பி வைத்து, உரசிக்கொண்டிருந்த செடியை இரண்டடி வெட்டிய பிறகு பாசி பாதியாகக் குறைந்தது.

நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்க வேண்டும். வீடு சொந்தமா, வாடகையா?

டாம்பா புதுவரவு, 2.41

வாடகைதான் அண்ணா. அதைச் சொல்லவே இல்லை, இல்லையா? கடிதமும் உரிமையாளர் பெயருக்குத்தான் வந்தது. இங்கே இருப்பது நாங்கள் என்பதால் எங்கள் பொறுப்பு என்று நினைத்துவிட்டேன்.

ஆர்லாண்டோ வீட்டுக்காரர், 2.55

அப்படியானால் இப்போதே கடிதத்தைப் படம் எடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். கூடவே வடக்குப் பக்க வலை, வெளியே வந்த ரப்பர் கயிறு இரண்டின் படங்களும் போகட்டும். கயிறு உங்கள் கையால் வந்ததையும் எழுதுங்கள், பின்னால் முன்பணத்தில் பேச்சு வராது. வாடகை ஒப்பந்தத்தில் குளம், கூண்டு பராமரிப்பு யார் பொறுப்பு என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள்.

அபராத பயம் வேண்டாம். ஃபுளோரிடா சட்டத்தின் 720ஆம் அத்தியாயப்படி, சங்கம் அபராதம் போடுமுன் 14 நாள் எழுத்து மூல அறிவிப்பும் குழுவின் முன் பேச வாய்ப்பும் தர வேண்டும். சங்க விதிகள் வேறு சொல்லாவிட்டால் ஒரு மீறலுக்கு அதிகபட்சம் 100 டாலர். தொடர்ந்தால் நாள் கணக்கில் ஏறினாலும், விதிகள் வேறு சொல்லாதவரை, மொத்தம் 1,000 டாலருக்கு மேல் போகாது. 1,000 டாலருக்குக் குறைந்த அபராதத்துக்காக வீட்டின் மேல் கடன் உரிமை வைக்கவும் முடியாது. 2024 ஜூலை முதல், விசாரணைக்கு முன்பே குறையைச் சரிசெய்துவிட்டால் அபராதமே கிடையாது.

டாம்பா பழையவர், 3.02

பிரஷர் வாஷர் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வெளியே போய்ப் பார்த்தேன், எங்கள் சட்டத்திலும் மூன்று இடத்தில் பூச்சு போயிருக்கிறது.

ஃபோர்ட் மயர்ஸ் செவிலி, 3.15

தங்கையே, கயிறு வந்த இடம் கதவுப் பக்கம் என்றாய். குழந்தைக்கு எத்தனை வயது? அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா? இங்கே பல வீடுகளில் இந்தக் கூண்டுதான் சட்டப்படி குளத்துக்கு வேலி. 2000 அக்டோபருக்குப் பிறகு கட்டிய குளமானால் வேலி நாலடி உயரம் இருக்க வேண்டும், அதன் கதவு வெளிப்பக்கம் திறந்து, தானே மூடி, தானே தாழிட வேண்டும். அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளை அதிகம் பறிப்பது தண்ணீர்தான். பாசி பத்து நாள் இருக்கட்டும், பரவாயில்லை.

டாம்பா புதுவரவு, மறுநாள் காலை 9.20

இரவு நன்றாகத் தூங்கினேன், இருமல் இல்லை. மகனுக்கு இரண்டு வயது. போய்ப் பார்த்தேன் அக்கா. கூண்டுக் கதவு சாத்திக்கொள்கிறது, ஆனால் தாழ் விழவில்லை. விரலால் தள்ளினாலே திறக்கிறது. கயிறு வந்த இடத்தில் வலை தரையோடு விலகி, அவன் தலை நுழையும் அளவுக்கு இடைவெளி. உரிமையாளரை நேராகத் தொலைபேசியில் பிடித்தேன். தாழையும் வலையையும் சரிசெய்ய நாளை ஆள் வருகிறார். கூரையைக் கழுவுவது ஒப்பந்தப்படி அவர் செலவுதானாம். பக்க வலைகளை நான் அடுத்த வாரம், கணவர் வந்த பிறகு, ஒன்றுக்குப் பத்து கணக்கில் செய்கிறேன். அதுவரை குளத்துப் பக்கம் போகும் உள்கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போட்டுப் பூட்டி, சாவியை என் கழுத்துச் சங்கிலியில் கோத்து வைத்திருக்கிறேன்.