பனிச்சறுக்கு பூட்ஸில் நான்கு கொக்கி வடிவமே நிலைத்தது ஏன்?

நண்பர்களுக்கு வணக்கம். பனிச்சறுக்குக் கருவிகளின் வரலாறு அறிந்தவர்கள் ஒரு சிக்கலைத் தெளிவுபடுத்த உதவ வேண்டும்.

1960களில் அமெரிக்கரான பாப் லாங்கே தோலை விட்டுப் பிளாஸ்டிக்கில் பூட்ஸ் செய்யத் தொடங்கிய பின், பூட்ஸின் கடினமான வெளி ஓட்டின் விளிம்புகள் பாதத்தின்மீது ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கொக்கிகளால் இறுகும் வடிவம் பரவியது. ஆனால் 1980களில், அணிவதற்கு எளிதாக இருந்ததால், பின்பக்கம் திறக்கும் சலோமோன் நிறுவன பூட்ஸ் பெருமளவில் விற்றன. அடுத்த பத்தாண்டுக்குள் அவை ஏறத்தாழ மறைந்தும்விட்டன.

அவை பாதத்தைச் சீராகப் பற்றவில்லை, பந்தய வீரர்களும் அவற்றை ஏற்கவில்லை, மக்கள் வீரர்களைப் பின்பற்றினர் என்பதே வழக்கமான விளக்கம். இது பாதி விடைதான் என்பது என் எண்ணம். ஏனெனில் ரைக்லே நிறுவனத்தின் ஃபிளெக்ஸான், தனி நாக்கு கொண்ட மூன்று பாக வடிவம், மேடுபள்ளச் சரிவு வீரர்களிடம் நற்பெயர் பெற்றும் சிறுபான்மையாகவே நின்றுவிட்டது. அண்மையில் கொக்கிகளுக்குப் பதில் திருகி இறுக்கும் வட்டும் கம்பியும் வந்துள்ளன. அவற்றிலும் பெரும்பாலும் ஓடு பழைய வடிவமே.

அளவுக்கொரு உலோக அச்சு தேவைப்படும் செலவா, இத்தாலியின் மோன்டெபெல்லூனா வட்டாரத்தில் பல நிறுவனங்களின் உற்பத்தி குவிந்திருப்பதா, ஓட்டைச் சூடாக்கி விரித்துப் பொருத்தும் கடைக்காரர்களின் பழக்கமா, எது முதன்மைக் காரணம்? அத்தொழிலில் பணியாற்றியவர்களோ, 1990களின் விற்பனைப் பட்டியல்களை வைத்திருப்பவர்களோ விளக்கினால் நன்றியுடையவனாவேன். காப்புரிமை காலாவதி பற்றிய தகவலும் பயன்படும்.