ஹார்டு டிஸ்க்கை ஃப்ரீசரில் வைக்கச் சொன்னது யார்?

பல்லடம்_பஞ்சுத்தூசி:
இன்று காலை கடையைத் திறந்து ஊதுவத்திகூட ஏற்றவில்லை, பனியன் கம்பெனிக் கணக்காளர் ஒருவர் எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு வந்து நின்றார். சாப்பாடு என்று நினைத்தேன். திறந்தால் ஐஸ் கட்டிகள், நடுவில் மடிக்கணினியிலிருந்து கழற்றிய ஹார்டு டிஸ்க், முத்து முத்தாக வேர்த்துக்கொண்டு. "ஃப்ரீசரில் வைத்தால் ஃபைல் எல்லாம் வந்துவிடும் என்று எழுதியிருந்தார்களே" என்கிறார். மூன்று வருட ஜிஎஸ்டி கணக்கு உள்ளே இருக்கிறதாம்.

எழுதியவர் யார் என்று தேடினேன். நம் மஞ்சள்மண்டி ஐயாதான். போன வாரம் அவர் எழுதியது இது: "மடிக்கணினி ஆன் ஆகவில்லையா? டிஸ்க்கைக் கழற்றி ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். சர்வீஸ் கடைக்காரனுக்குக் கொட்டிக் கொடுக்காதீர்கள்."

அந்தக் கடைசி வரிக்காக நான் கோபப்படவில்லை. பட்டால்தான் என்ன? ஆன் ஆகாத பெட்டியில் டிஸ்க் நன்றாகவே இருப்பதைத் தினமும் பார்க்கிறேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கழற்ற முடிந்த பேட்டரியானால் அதையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். போர்டில் தேங்கிய மின்சாரம் வடிந்ததும் சில பெட்டிகள் அதிலேயே எழுந்துவிடும். எழாவிட்டால் ரேம் என்னும் நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் முனையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, திரும்பச் செருக வேண்டும். எங்கள் பக்கம் பஞ்சு போய் ஃபேனை அடைத்துப் பெட்டி சூடேறி அணைவது தனிக் கதை. இதில் ஃப்ரீசர் எங்கிருந்து வந்தது?

மஞ்சள்மண்டி_ஈரோடு:
ஊரைக் கூட்டிவிட்டீர்கள், சரி. நான் எழுதியதில் ஒரு வரியை ஏன் விழுங்கினீர்கள்? "ஜிப் கவரில் போட்டு" என்று எழுதியிருந்தேன். உங்கள் கணக்காளர் கவர் போட்டாரா? டிபன் பாக்ஸில் வைத்தது அவர் சொந்தப் புத்தி, என் வைத்தியம் அல்ல.

2019-இல் என் மகளின் சீர் படங்கள் இருந்த டிஸ்க் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டு கிடந்தது. கவர் போட்டேன், ஃப்ரீசரில் வைத்தேன், எடுத்து மாட்டினேன். 4,000 படங்களும் வந்தன. பார்த்தவன் நான். படித்தவர்கள் பேசிக்கொண்டே இருங்கள்.

பல்லடம்_பஞ்சுத்தூசி:
கவர் போட்டால் தண்ணீர் உள்ளே போகாது என்கிறீர்களா? கவருக்குள் காற்று இருக்கிறதே, அதில் ஈரம் இல்லையா? சாதாரண ஹார்டு டிஸ்க் ஒவ்வொன்றிலும் காற்று போய்வர ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதை மூடாதே என்று மேலேயே அச்சடித்திருப்பார்கள். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலிருந்து வெளியே எடுத்துக் கேபிள் மாட்டுகிறீர்கள் அல்லவா, அப்போது ஈரோட்டு வெயில் காற்று அந்தத் துளை வழியாக உள்ளே போய்ப் பனிபோலப் படியும். உள்ளே சுழலும் தட்டுக்கு மேலே, தகவலைப் படிக்கும் முனை மிதக்கும் உயரம் சில நானோமீட்டர், தலைமுடிக் கனத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அங்கே ஒரு துளி தண்ணீர் நமக்குப் பவானிசாகர் அணை மாதிரி.

பழைய காலத்தில் இதற்கு ஒரு காரணம் இருந்தது, மறைக்கவில்லை. அப்போதைய டிஸ்க்குகளில் மின்சாரம் நின்றதும் முனை தட்டின் மேலேயே உட்காரும். சில சமயம் ஒட்டிக்கொள்ளும். குளிரில் உலோகம் சுருங்கும்போது அது விடுபட வாய்ப்பு உண்டு. இன்றைய மடிக்கணினி டிஸ்க்கில் முனை தட்டுக்கு வெளியே ஒரு சரிவில் ஏறி நின்றுகொள்கிறது. ஒட்டுவதற்கே அங்கே தட்டு இல்லை.

மஞ்சள்மண்டி_ஈரோடு:
இவ்வளவு நீளமாக எழுதியும் கேட்டதற்குப் பதில் இல்லை. அவர் கவர் போட்டாரா?

பவானி_ஜமக்காளம்:
நடுவில் வருவதற்குப் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். என் மடிக்கணினியும் முந்தாநாளிலிருந்து ஆன் ஆகவில்லை. விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு. பார்டர் டிசைன் எல்லாம் உள்ளே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பீளமேடு_மூன்றாமாண்டு:
முதலில் "ஆன் ஆகவில்லை" என்றால் என்னவென்று முடிவு செய்துகொண்டு சண்டை போடலாமே? விளக்கே எரியவில்லை என்றால் சார்ஜரையும் அது செருகும் துளையையும் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்து திரை கருப்பாக இருந்தால் ரேமோ திரையோ. கம்பெனிச் சின்னம் வரை வந்து நின்றுவிட்டால்தான் டிஸ்க்கையோ விண்டோஸையோ சந்தேகப்பட வேண்டும். மூன்றுக்கும் ஒரே வைத்தியம் எப்படி இருக்கும்? இப்போது நிறைய மடிக்கணினிகளில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிதான். அதில் சுழலும் தட்டே கிடையாது. ஃப்ரீசரில் வைத்து எதைச் சுருக்கப் போகிறீர்கள்?

பவானி அண்ணா, ஒரு எச்டிஎம்ஐ கேபிளில் வீட்டு டிவியை மாட்டிப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் திரையில்தான் கோளாறு.

மஞ்சள்மண்டி_ஈரோடு:
தம்பி, உனக்கு மீசை முளைப்பதற்கு முன்பே நான் கம்ப்யூட்டர் வாங்கியவன்.

பீளமேடு_மூன்றாமாண்டு:
எனக்கு மீசை முளைக்காது. நான் பெண்.

மஞ்சள்மண்டி_ஈரோடு:
சரி அம்மணி. எஸ்எஸ்டியைப் பற்றி நான் பேசவே இல்லை. கவரைப் பற்றிப் பேசுகிறேன்.

பொள்ளாச்சி_இளநீர்:
எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஞாயிற்றுக்கிழமைக் கறி இருக்கிறது. டிஸ்க்கை அதற்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா?

பல்லடம்_பஞ்சுத்தூசி:
சிரியுங்கள். அந்தக் கணக்காளர் சிரிக்கவில்லை. ஆடிட்டர் போன் செய்தபோது என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐயா அதே பதிவின் கீழே "எடுத்ததும் செக் டிஸ்க் ஓட்டுங்கள்" என்று ஒருவருக்குப் பதில் போட்டிருக்கிறார். சாகக் கிடக்கிற டிஸ்க்கில் அதை ஓட்டலாமா? அது விண்டோஸின் டிஸ்க் சோதனை நிரல். பழுது நீக்கச் சொல்லி ஓட்டினால் டிஸ்க்கில் எழுதும். மிச்சம் இருப்பதையும் கிளறிவிடும். செய்ய வேண்டியது, உபுண்டு இயங்குதளம் போட்ட பென் டிரைவில் பெட்டியைத் துவக்கி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலை வைத்து டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. அது நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் வாரிக்கொள்ளும், கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பும். பிறகு நகலில் என்ன வேண்டுமானாலும் விளையாடலாம். 'டிக் டிக்' சத்தம் வந்தால் அதையும் செய்யாமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிபுணரிடம் கொடுக்க வேண்டும். அது என்னாலும் முடியாது, என் கடையிலும் முடியாது.

மஞ்சள்மண்டி_ஈரோடு:
கடைக்காரர் என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் திருப்பூர்ப் பக்கம் ஒரு கடையில் என் மருமகன் பெட்டியைக் கொடுத்தான். மதர்போர்டு போய்விட்டது, 9,000 ரூபாய் என்றார்கள். வாங்கிக்கொண்டு வந்து ஈரோட்டில் கொடுத்தோம். ரேமைத் தேய்த்து மாட்டி 200 ரூபாய் வாங்கினார் ஒரு பையன். அதனால்தான் கொட்டிக் கொடுக்காதீர்கள் என்று எழுதினேன். இப்போது புரிகிறதா யாருக்குச் சுடுகிறது என்று?

பல்லடம்_பஞ்சுத்தூசி:
நான் இருப்பது பல்லடம். திருப்பூரில் எவனோ செய்ததற்கு நான் ஏன் சுட்டுக்கொள்ள வேண்டும்? அந்த ரப்பர் வைத்தியத்தை இந்த இழையில் முதலில் எழுதியவனும் நான்தான், மேலே போய்ப் பாருங்கள்.

மஞ்சள்மண்டி_ஈரோடு:
பல்லடமும் திருப்பூர் மாவட்டம்தானே. 2009-இல் மாவட்டம் பிரித்தபோது எங்கள் காங்கேயத்தையும் தாராபுரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனவர்கள் ஆயிற்றே. எடுப்பது உங்களுக்குப் பழக்கம்.

காங்கேயம்_காளை:
எங்களை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. நாங்கள் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறோம். திருப்பூர் எங்களுக்குப் பக்கம். கலெக்டர் ஆபீஸுக்கு ஈரோடு வரை அலைந்தது போதும்.

மஞ்சள்மண்டி_ஈரோடு:
சென்னிமலை வழியாக வந்தால் ஈரோடு எவ்வளவு தூரம் என்று தெரியுமா உங்களுக்கு?

காங்கேயம்_காளை:
தெரியாமலா இத்தனை வருடம் வந்தோம்? பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர்களைக் கேளுங்கள்.

பவானி_ஜமக்காளம்:
டிவியில் மாட்டினேன். படம் வருகிறது! டிசைன் எல்லாம் அப்படியே இருக்கிறது. இப்போது என்ன செய்ய?

பீளமேடு_மூன்றாமாண்டு:
அணைக்காமல் முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுங்கள். அப்படியே விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை இப்போதே தாளில் எழுதி வையுங்கள். புதிய பெட்டிகளில் நாம் கேட்காமலே அது பூட்டிவிடுகிறது. சாவி இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினால் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாது.

பல்லடம்_பஞ்சுத்தூசி:
ரேமைத் தேய்த்துப் பார்த்தீர்களா பவானி?

பவானி_ஜமக்காளம்:
இல்லைங்க அண்ணா.

பல்லடம்_பஞ்சுத்தூசி:
அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

பீளமேடு_மூன்றாமாண்டு:
டிவியில் படம் வந்த பிறகு ரேமை ஏன் தேய்க்க வேண்டும்? திரைக்குப் போகும் கேபிளோ திரையோதானே பழுது?

பல்லடம்_பஞ்சுத்தூசி:
17 வருடம் பெட்டி திறந்தவன் சொல்கிறேன். தேய்ப்பதால் கெட்டுப்போகாது. காலேஜில் இதையெல்லாம் சொல்லித் தர மாட்டார்கள்.

பொள்ளாச்சி_இளநீர்:
ஒருவருக்கு ஃப்ரீசர், ஒருவருக்கு ரப்பர். கறியைப் பற்றி யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

மஞ்சள்மண்டி_ஈரோடு:
எல்லோரும் பேச்சை மாற்றுகிறீர்கள். கணக்காளரின் டிஸ்க் என்ன ஆயிற்று? ஃபைல் போய்விட்டது என்று இதுவரை நீங்கள் சொல்லவே இல்லையே.

பல்லடம்_பஞ்சுத்தூசி:
உலரப் போட்டிருக்கிறேன். ஈரத்தோடு மின்சாரம் கொடுக்க நான் என்ன பைத்தியமா? நன்றாகக் காய்ந்த பிறகுதான் தொடுவேன்.

மஞ்சள்மண்டி_ஈரோடு:
பார்த்தீர்களா. சோதிக்காமலே என்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டார். நாளை அந்த டிஸ்க் ஓடினால் யாரால் ஓடியது? ஃப்ரீசரால்தானே?

பல்லடம்_பஞ்சுத்தூசி:
ஓடினால் உங்கள் ஃப்ரீசரையும் மீறி ஓடியது என்று எழுதுவேன்.

மஞ்சள்மண்டி_ஈரோடு:
எழுதுங்கள், எழுதுங்கள். மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். அவர் கவர் போட்டாரா இல்லையா? ஒரே வார்த்தை.

பல்லடம்_பஞ்சுத்தூசி:
போன் போட்டுக் கேட்டுவிட்டேன். போட்டாராம். பால் கவர்.

மஞ்சள்மண்டி_ஈரோடு:
பால் கவருக்கு ஜிப் இருக்கிறதா?