'அன்ப்ரொவோக்ட்' வலிப்புக்குத் தமிழில் என்ன சொல்?

கொருக்குப்பேட்டையிலிருந்து:

வணக்கம். வலிப்பு நோயைக் கணக்கெடுக்க வீடுவீடாகப் போய்க் கேட்கும் படிவத்தில், 'அன்ப்ரொவோக்ட்' (அந்த நேரத்து உடல்கோளாறு எதுவும் கிளப்பாமல் வரும்) வலிப்பு 'தூண்டப்படாத வலிப்பு' என்று அச்சாகியிருக்கிறது. மாற்றியாக வேண்டும். 2014 பன்னாட்டு வரையறைப்படி, அந்த வகை வலிப்பு 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறை வந்திருந்தால் அது கால்கை வலிப்பு நோய். ஒரே முறை வந்து, அடுத்த 10 ஆண்டில் திரும்பும் வாய்ப்பு 60 விழுக்காடாவது இருந்தாலும் நோய்தான். நாடு முழுக்க எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே இந்த அடைமொழியைப் பிடித்துத் தொங்குகிறது.

காசிமேட்டில் எது தூண்டியது என்று கேட்டால், "ராத்திரி பூரா தூங்கல, அதான் ஃபிட்ஸ் வந்துச்சு" என்பார்கள். எழுதுகிறவர் 'தூண்டப்பட்டது' என்று டிக் அடிப்பார். தப்பு. தூக்கக்கேடு, மினுக்கும் வெளிச்சம், மாத்திரையை விட்டது எல்லாம் நோய் உள்ள மூளையை உசுப்புபவை. அந்த வலிப்பு கணக்கில் சேரும். சேராதவை வேறு: ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 36 மி.கி.க்குக் கீழே போனது, சோடியம் லிட்டருக்கு 115 மில்லிமோலுக்குக் கீழே இறங்கியது, பக்கவாதமோ தலைக்காயமோ ஆகி 7 நாளுக்குள் வந்தது, கடைசியாகக் குடித்து 7 முதல் 48 மணிக்குள் வந்தது, சின்னக் குழந்தைக்குக் காய்ச்சலோடு வரும் ஜன்னி.

'காரணமற்ற வலிப்பு' என்று போடலாமா?

பெரம்பூரிலிருந்து:

> காரணமற்ற வலிப்பு

கூடாது ஐயா. மூளையில் நாடாப்புழுக் கட்டி சுண்ணாம்பாக உறைந்து, பல ஆண்டு கழித்து வரும் வலிப்பும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது. வேலூர் மாவட்டத்தில் எடுத்த கணக்கில், வலிப்பு நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு இதுதான் காரணம். (பன்றிக்கறி தின்றதால் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அரைவேக்காட்டுக் கறியால் குடலில்தான் புழு வளரும். மூளையில் கட்டி வருவது, மலத்தோடு வெளியேறும் முட்டை தண்ணீரிலோ கையிலோ ஒட்டி வயிற்றுக்குள் போவதால். சைவ வீட்டிலும் வரும்.) அடுத்த பக்கத்திலேயே காரணத்துக்கு ஆறு கட்டம் இருக்கிறது: அமைப்பு, மரபணு, தொற்று, வளர்சிதை மாற்றம், நோயெதிர்ப்பு, தெரியாதது. மேலே 'காரணமற்ற' என்று எழுதிவிட்டுக் கீழே 'காரணம் என்ன?' என்றால் சிரிப்பார்கள்.

என் பரிந்துரை: தானெழு வலிப்பு. எதிர்ச்சொல், உடன்விளை வலிப்பு. அந்த நேரத்து உடல்கோளாறோடு கூடவே விளைவது. 'தூண்டி' என்பதைத் தூக்கக்கேடு போன்றவற்றுக்கு ஒதுக்கிவிடலாம்.

எண்ணூரிலிருந்து:

'தான்தோன்றி வலிப்பு' எப்படி?

பெரம்பூரிலிருந்து:

அது 'இடியோபதிக்' (காரணம் தெரியாமல் தானாக வரும் நோய்) என்பதன் பக்கம் போய்விடும். போதாக்குறைக்குத் தான்தோன்றித்தனம் என்று நோயாளியைத் திட்டுவது போலவும் கேட்கும்.

வியாசர்பாடியிலிருந்து:

தானெழு எனக்குச் சம்மதம், அறிக்கையில். வாசலில் நின்று கேட்க அது உதவாது. அங்கே 'ஃபிட்ஸ்' மட்டும்தான். 'இழுப்பு' வேண்டாம், பிள்ளைக்கு இழுப்பு என்றால் வீசிங், "ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு" என்றால் பக்கவாதம். 'காக்கா வலிப்பை' அச்சிடவே கூடாது. கால்கை திரிந்துதான் காக்கா ஆயிற்று. அதை மறந்து காகத்தைத் தேடுகிறார்கள்.

கீழே விழுந்து வெட்டுவதை மட்டும் கேட்டால் பாதி நழுவிவிடும். "காலையில டம்ளரு கையிலேர்ந்து தெறிச்சு விழுதா?", "பேசிக்கினே இருந்து சில நொடி வெறிச்சுப் பாக்குறாரா?" என்றும் கேளுங்கள். கல்யாண வயதுப் பெண்ணை மாமியார் முன்னால் கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான் வரும். இந்து திருமணச் சட்டத்திலிருந்து வலிப்பை 1999இலேயே எடுத்துவிட்டார்கள். வீடுகளில் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

கொருக்குப்பேட்டையிலிருந்து:

சரி, தானெழு. படிவத்தில் இப்படிப் போடுகிறேன்: "ஃபிட்ஸ் வந்தப்போ காய்ச்சல் இருந்துச்சா? சர்க்கரை எறங்கியிருந்துச்சா? குடியை நிறுத்தி ரெண்டு நாளுக்குள்ளயா? பக்கவாதம் வந்தோ தலையில அடிபட்டோ ஒரு வாரத்துக்குள்ளயா?" நான்குக்கும் 'இல்லை' என்றால் தானெழு கட்டத்தில் தற்காலிகமாக டிக். சோடியத்தை வாசலில் கேட்க முடியாது. அதை ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.