வெள்ளவத்தை வீடு: அபியின் அரங்கேற்றத்துக்கு யார் கமரா?

செல்வி சித்தி: படம் எடுக்கிற பையன் சனிக்கிழமை வரமாட்டானாம். நீர்கொழும்பில் கல்யாணமாம். முற்பணமும் கொடுத்தாச்சு.

அம்மம்மா: முருகா

அம்மம்மா: காசைத் திருப்பித் தருவானா

ரவி மாமா: ஏன் பதறுகிறீர்கள்? நான் இருக்கிறேன்தானே. என்னுடைய கனன் எஸ்எக்ஸ்740 கமரா இருக்கிறது. 40 மடங்கு சூம், 24 இலிருந்து 960 மில்லிமீற்றர் வரை. எடை 300 கிராம்தான், காற்சட்டைப் பைக்குள் போகும். கடைசி வரிசையில் இருந்தே பிள்ளையின் மூக்குத்தியை எடுத்துத் தருவேன்.

சுதா: போச்சு

கௌதமன்: மாமா அது வெயிலுக்குத்தான் சரி

ரவி மாமா: தியசரு பூங்காவில் நான் எடுத்த மீன்கொத்தியைப் பார்த்தாயா இல்லையா? அலகில் இருந்த மீனின் கண்ணே தெரிந்தது. உன்னுடைய போனில் அது வெறும் நீலப் பொட்டு.

கௌதமன்: பார்த்தேன். நல்ல படம்தான். ஆனால் அது நல்ல வெயில், மீன்கொத்தியும் அசையாமல் இருந்தது. அபி தில்லானாவில் அப்படி இருப்பாளா?

சுதா: இருந்தால் டீச்சர் கொன்றுவிடுவா

கௌதமன்: கொஞ்சம் கேளுங்கள். எப் எண் கூடக் கூட லென்ஸுக்குள் வெளிச்சம் குறையும். சூம் பண்ணாமல் 24இல் அந்த லென்ஸ் எப் 3.3. முழுதாக சூம் பண்ணினால் எப் 6.9. உள்ளே வருகிற வெளிச்சம் கால்வாசிகூட இல்லை. படத்தைப் பதிகிற சென்சர் 6 மில்லிமீற்றர் அகலம், ஒரு பயற்றளவு. அது அவ்வளவு சின்னதாக இருப்பதால்தான் 172 மில்லிமீற்றர் லென்ஸ் 960 மாதிரி வேலை செய்கிறது, பைக்குள்ளும் அடங்குகிறது. மேடையில் ஆடுகிற கால் தெளிவாக விழ ஷட்டர் 1/250 வினாடிக்குள் திறந்து மூட வேண்டும். அதற்கு ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, 3200க்கு ஏற்றினால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வரும். சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரோ கோப்பும் அதில் இல்லை, பிறகு திருத்தவும் ஏலாது.

அம்மம்மா: படம் வருமா வராதா

ரவி மாமா: பிளாஷ் போடுவேன்

செல்வி சித்தி: பிளாஷ் கூடாது என்று டீச்சர் அழைப்பிதழிலேயே போட்டிருக்கிறா. அதோடு கடைசி வரிசைக்கு அந்தக் குட்டி பிளாஷ் எட்டுமா?

ராசன் பெரியப்பா (டொரொன்டோ): வாங்கித் தந்தவனை யாரும் கேட்கவில்லை. நான் பனாசொனிக் டிஇசட்200 எடுக்கச் சொன்னேன். 15 மடங்குதான், ஆனால் சென்சர் நாலு மடங்கு பெரிது. ரவி 40க்குக் குறைந்து வேண்டாம் என்று நின்றார்.

ரவி மாமா: அத்தான் இதை இன்னும் எத்தனை வருசத்துக்குச் சொல்லுவீர்கள்

கௌதமன்: பெரியப்பா அதுவும் முழு சூமில் எப் 6.4தான்

ராசன் பெரியப்பா (டொரொன்டோ): சரி சரி. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு யார் வருகிறீர்கள்? வெள்ளி விடிய 4.30க்கு இறங்குகிறோம், நாலு பெட்டி.

சுதா: வான் பிடிக்க வேண்டும்

செல்வி சித்தி: முதலில் கமராக் கதையை முடியுங்கள்

கௌதமன்: மாமா முன்வரிசையில் இருந்து, சூமே பண்ணாமல், 24இலேயே எடுத்தால் ஓரளவு வரும். அபி அசையாமல் நிற்கிற இடத்தில், அடவு முடிகிற நேரத்தில் அமத்த வேண்டும்.

சுதா: சூம் பண்ணாமல் எடுக்க 40 மடங்கு சூம்

செல்வி சித்தி: முன்வரிசை பிரதம விருந்தினருக்கும் டீச்சரின் ஆட்களுக்கும். எங்களுக்கு மூன்று கதிரைதான்.

அம்மம்மா: ஒன்று எனக்கு. முழங்கால்

ராசன் பெரியப்பா (டொரொன்டோ): நாங்கள் இவ்வளவு தூரம் வருகிறோம், பின்னால் இருத்துவீர்களோ?

செல்வி சித்தி: அப்படி யார் சொன்னது அத்தான்

சுதா: மாமாவை முன்னுக்கு விட்டால் பயம். அக்காவின் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் கூரையில் இருந்த புறாவை எடுத்துக்கொண்டு நின்றவர்.

ரவி மாமா: அந்தப் புறா பிரேம் போட்டு உங்கள் வீட்டு ஹோலில்தான் தொங்குகிறது

அம்மம்மா: ஓம் நல்ல புறா

கௌதமன்: என் நண்பனிடம் எப் 2.8 லென்ஸ் ஒன்று இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன். மாமா ஒத்திகைக்கும், வெளியில் கோலம், ஆட்கள் எல்லாவற்றுக்கும் எடுக்கட்டும்.

ரவி மாமா: நான் என்ன கோலம் எடுக்கிற ஆளா

செல்வி சித்தி: கௌதமன், நண்பனுக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

கௌதமன்: கேட்டுச் சொல்கிறேன்

அம்மம்மா: வடைக்கு யாரிடம் சொன்னீர்கள்

சுதா: மாமாவிடம்

ரவி மாமா: என்னிடமா?